புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள வரலாற்று இடங்களுக்குக் கோடை விடுமுறையில் குறைந்த செலவில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி?

கேள்வி — புதுக்குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதல் காரணமாகச் சென்ற ஆண்டு புதுக்கோட்டைக்குக் குடிவந்தோம். வீட்டில் நானும் என் கணவரும், பதினொரு வயது மகளும், ஏழு வயது மகனும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் இருக்கிறோம். மலைவாசத் தலங்களுக்குச் செல்லும் அளவுக்கு இந்த ஆண்டு கையில் பணமில்லை. ஆனால் நாங்கள் குடியிருக்கும் ஊரைச் சுற்றியே ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள இடங்கள் இருக்கும்போது, விடுமுறை முழுவதும் பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்திருப்பது மனத்தை உறுத்துகிறது.

சென்ற மே மாதம் ஒரு முயற்சி செய்து தோற்றோம். வாடகை வேன் ஒன்றை அமர்த்தி, சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் என்று ஐந்து இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம். இரண்டாவது இடத்தை அடைந்தபோதே நடை சாத்திவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் மகன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் கால் வைத்து அலறினான். மாமியார் வேனைவிட்டு இறங்கவே இல்லை. மாலையில் மகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, 'பாறை' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. வேன் வாடகையோ அந்த மாதத்து மளிகைச் செலவை நெருங்கியது.

இந்த முறை அந்தத் தவற்றைச் செய்ய விரும்பவில்லை. எங்களிடம் ஓர் இருசக்கர வண்டி உண்டு. பேருந்தில் செல்லவும் தயங்கமாட்டோம். எந்த இடத்தை முதலில் பார்க்கலாம், எந்த நேரத்தில் செல்லலாம், பிள்ளைகளுக்கு அங்கே என்ன காட்டலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 — கோகர்ணக்காரன்

அம்மா, உங்கள் வேன் பயணத்தின் குறை வெயிலில் மட்டும் இல்லை, ஐந்து என்ற எண்ணிக்கையில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் ஒரே நாளில் ஓடித்தான் ஆகவேண்டும். நீங்கள் இந்த ஊரிலேயே குடியிருக்கிறீர்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம், அதுவும் அரை நாள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், பிள்ளைகளும் களைப்படையமாட்டார்கள். காலை உணவைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடவேண்டும். நாங்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, கொடும்பாளூர் மூவர் கோயில் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள, கட்டணம் வாங்கும் இடங்கள். மாமல்லபுரம் போன்ற உலக மரபுச் சின்னங்களைவிட இவற்றுக்குக் கட்டணம் குறைவு. பெரியவர்களுக்குத் தலைக்கு 25 ரூபாய் என்ற வகையில் வருபவை. கைப்பேசி வழியாகச் சீட்டு எடுத்தால் அதிலும் சற்றுக் குறையும். பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது என்பதால், உங்கள் வீட்டில் மூவருக்கு மட்டுமே சீட்டு. சித்தன்னவாசலில் ஓவியம் உள்ள குடைவரைக்கும் மலைமேல் உள்ள ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்துக்கும் தனித்தனிச் சீட்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பேருந்தைப் பொறுத்தவரை, அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், அத்தகைய பேருந்து ஓடும் தடங்களில் நீங்களும் மாமியாரும் மகளும் பணமின்றிப் பயணம் செய்யலாம். மகனுக்கு அரைச் சீட்டு. உங்கள் கணவருக்குத்தான் முழுச் சீட்டு!

தொடக்கத்துக்குச் சித்தன்னவாசலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் செல்லும் சாலையிலேயே இருக்கிறது. அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரை மலையின் மேற்குச் சரிவில் அமைந்திருப்பதால், காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே முற்பகலில் அங்கே சென்றால் பாறை சுடாது. பிற்பகலில் சென்றால் அடுப்புக்கல்லில் நிற்பது போல இருக்கும்.

உள்ளே முன்மண்டபத்தின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் அதைப் பற்றி விரிவுரை ஆற்றத் தொடங்கிவிட்டால் பிள்ளைகளின் கவனம் போய்விடும். நான் என் பேரப்பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'குளத்துக்குள் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்' என்று மட்டும் கேட்டேன். மீன்கள், அன்னங்கள், எருமை, யானை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பூப்பறிக்கும் மனிதர்களைக் கடைசியாகத்தான் கவனித்தார்கள். மனிதர்களை உயிர்க் கணக்கில் சேர்க்கலாமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. தூண்களில் ஆடும் பெண்களின் உருவங்களும், ஓர் அரசனும் அரசியும் இருக்கும் உருவமும் மங்கிய நிலையில் உள்ளன. கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக நின்றால்தான் தெரியும். கருவறைக்குள் நின்று மெல்லிய குரலில் 'ம்ம்' என்று முனகினால் அந்தச் சிறிய அறை முழுவதும் அதிரும். பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட அதுவே பிடித்துப்போகும் என்று முன்பே எச்சரிக்கிறேன்.

இந்தக் குடைவரையைப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஒரு செப்பனிடும் பணிக்காக ஆசிரியர் ஒருவரின் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது என்றால் உங்கள் மகள் நிச்சயம் வியப்பாள்.

மறுமொழி 2 — சுண்ணாம்புக்கட்டி

நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். மேலே எழுதியவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஏற்ற வேறொரு வழியை மட்டும் சேர்க்கிறேன். அந்த வயதில் எழுத்துகளைப் பூட்டுப் போட்ட பெட்டியைப் போல நினைத்துத் திறந்து பார்க்கும் ஆசை இருக்கும். நம் வட்டாரத்தில் மூன்று வகை எழுத்துகளைச் செலவின்றிக் காட்டமுடியும்.

முதலாவது, ஏழடிப்பட்டம். மேற்குப் பக்கத்தில் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபக்கம் பாறையில் வெட்டப்பட்ட குறுகிய படிகளில் இறங்கினால் இயற்கையான குகைத்தளம் ஒன்று வரும். அங்கே சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகத் தேய்த்துச் செதுக்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் தலையணை போல மேடும் விட்டிருப்பார்கள். அவற்றில் பெரிய படுக்கையில், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமியில் ஒரு கல்வெட்டு உள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இந்த வாசகத்தில் அரசன் பெயர் எதுவும் இல்லை. யாருக்காக, யார் செய்தது என்பது மட்டுமே இருக்கிறது. நாம் கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு 'உபயம்' என்று எழுதுகிறோம் அல்லவா, அதற்கு இதுவே மூத்த முன்னோடி என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

மலைக்குப் போகும் முன்பு, வீட்டிலேயே தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டு மகளிடம் கொடுங்கள். எல்லா எழுத்துகளையும் கற்பிக்க வேண்டாம். 'க' என்பது கணக்கில் வரும் கூட்டல் குறியைப் போல இருக்கும். 'ர' என்பது ஒரு நெட்டைக் கோடு. இந்த இரண்டை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். அந்தக் கல்வெட்டு தேய்ந்துபோனது. எதுவும் தெரியாமல் போய் நின்றால் பெரியவர்களுக்கே வெறும் கீறல்களாகத்தான் தோன்றும். தேடவேண்டியது எது என்று தெரிந்தால், கண் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, குடுமியான்மலை. அங்குள்ள மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகளாக, ஒவ்வொரு பண்ணுக்கும் உரிய சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வடமொழியில் நடக்கும் கல்வெட்டின் இறுதியில், 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று திடீரெனத் தமிழ் தலைகாட்டுகிறது. எட்டு, ஏழு என்பவை யாழின் நரம்புகளைக் குறிக்கின்றனவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் பொறித்தது என்று வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கருத்தை மறுப்பவர்களும் உண்டு என்பதால், பிள்ளைகளிடம் அதை முடிந்த முடிவாகச் சொல்லாதீர்கள். இசை கற்கும் பிள்ளையாக இருந்தால் இந்தப் பாறையின் முன்னிருந்து எளிதில் நகராது.

மூன்றாவது வகைதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். அதே குடுமியான்மலைக் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சோழ, பாண்டியர் காலத்துத் தமிழெழுத்து நம்முடைய எழுத்தின் நேரடி மூதாதை. அதில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. நெடிலையும் குறிலையும் நாமே ஊகித்துப் படிக்கவேண்டும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கத்தையும், ஆட்சியாண்டைக் குறிக்கும் 'யாண்டு' என்ற சொல்லையும் தேடச் சொல்லுங்கள். 'யாண்டு' என்ற சொல்லை அடுத்து வரும் குறிகள் பெரும்பாலும் தமிழ் எண்கள். ௧ முதல் ௰ வரை முன்பே எழுதிப் பழகியிருந்தால், அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

ஓர் எச்சரிக்கை. எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியையோ மாவையோ கல்வெட்டின்மேல் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது கரும்பலகைக்கு மட்டுமே.) அது கல்லையும் எழுத்தையும் அரிக்கும். அதற்குப் பதிலாகக் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போலப் பாய்ச்சினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயிலுக்கும் இதே குணம் உண்டு.

கடைசியாக ஒன்று: குடுமியான்மலைக்குக் குடுமி எப்படி வந்தது என்ற தலபுராணக் கதையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அரசனுக்குத் தரவேண்டிய பூவில் மனிதத் தலைமுடி ஒன்று இருக்க, அகப்பட்டுக்கொண்ட அர்ச்சகர், 'இறைவனுக்கே குடுமி உண்டு, அது அவருடைய முடிதான்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க, பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் உண்மையாகவே குடுமி முளைத்ததாம். ஏழு வயதுக்கு இது போதும்; பண்ணும் யாண்டும் பிறகு வரட்டும்.

மறுமொழி 3 — நிழல்தேடி

மேலே உள்ள இருவரும் நல்ல ஆர்வத்துடன் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மே மாதத்தில், அதிலும் கத்திரி வெயில் காலத்தில், ஏழு வயதுச் சிறுவனையும் முழங்கால் வலியுள்ள மூதாட்டியையும் மொட்டைப் பாறைகளுக்கு அழைத்துச் செல்வதை நான் ஆதரிக்கமாட்டேன். குறிப்பாக நார்த்தாமலையை அரையாண்டு விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் வந்து, அதன்பின் மேலமலைக்கு நடந்து, நிழலே இல்லாத பாறைச் சரிவில் ஏறவேண்டும். மார்கழியில் அது இன்பமான நடை. மே மாதத்தில் அது தண்டனை.

ஆயினும் ஒரு முறை கட்டாயம் போங்கள் என்பதையும் சொல்லவேண்டும். அங்குள்ள விஜயாலய சோழீச்சரம் என்ற கோயிலின் கருவறை உட்புறம் வட்டமாகவும், அதைச் சுற்றியுள்ள சுவர் சதுரமாகவும் இருக்கும். எதிரே உள்ள குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கின்றன. பெயரில் சோழ மன்னன் விஜயாலயன் இருந்தாலும், கோயிலைச் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் எடுப்பித்ததாகவும், மழையால் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகவும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

மே மாதத்துக்கு ஏற்ற இடம் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம்தான். சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கப்பட்டது. கட்டணம் சில ரூபாய்களைத் தாண்டாது. கூரை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. மாமியார் அவ்வப்போது உட்கார்ந்து எழலாம். முதுமக்கள் தாழிகள், செப்புத் திருமேனிகள், பழைய ஆயுதங்கள், பாடம் செய்யப்பட்ட விலங்குகள் என்று எல்லாம் கலந்து கிடப்பதால், வரலாறு பிடிக்காத பிள்ளையும் ஏதோ ஒன்றில் நின்றுவிடும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பூட்டிய கதவைப் பார்க்க வெயிலில் போகாதீர்கள். பக்கத்திலேயே கோகர்ணேசுவரர் கோயில் இருக்கிறது. தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் அங்குதான் இருக்கிறாள். சமஸ்தானத்தின் சின்னஞ்சிறு செப்பு நாணயமான அம்மன் காசில் பொறிக்கப்பட்ட அம்மனும் அவளே. இந்த ஊர் 1948 மார்ச் மாதம் வரை தனிச் சமஸ்தானமாக, தனக்கென்று ஒரு காசுடன் இருந்தது என்பது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

மறுமொழி 4 — கோகர்ணக்காரன்

நிழல்தேடி சொல்வது நார்த்தாமலைக்குப் பொருந்தும். மற்றவற்றுக்கு முழுவதும் பொருந்தாது. ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களுக்குத்தான் வெயில் எதிரி. திருமயம் கோட்டையை மட்டும் மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அது. உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னாலே உங்கள் மகன் ஏறிவிடுவான். மாமியார் கீழே சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருக்கலாம்.

மாமியாருக்காகவே ஓர் இடம் சொல்லவேண்டும் என்றால், அது கொடும்பாளூர் மூவர் கோயில். விராலிமலைப் பக்கம், நம் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஆகவே பேருந்துச் செலவு மற்றவற்றைவிடக் கூடும். ஆனால் ஏறவேண்டிய மலை கிடையாது, சமதரையில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன், தன் பெயராலும் கற்றளி, வரகுணா என்ற தன் இரு தேவியர் பெயராலும் மூன்று கோயில்கள் எடுப்பித்தான். இன்று நிற்பவை இரண்டுதான்.

கேள்வி கேட்டவர் — புதுக்குடித்தனம்

மறுமொழி எழுதிய மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல் சென்று, ஒரு மணிக்குள் வீடு திரும்பிவிட்டோம். சீட்டுக்கும் பேருந்துக்கும் சேர்த்து ஆன செலவு, சென்ற ஆண்டு வேன் ஓட்டுநருக்குக் கொடுத்த படிக்காசைக்கூட எட்டவில்லை. மாமியார் மலையடியில் உள்ள பூங்காவில் என் கணவருடன் இருந்துகொண்டார். நான் பிள்ளைகளுடன் ஏழடிப்பட்டம் ஏறினேன். அச்சிட்ட தாளைப் பிடித்துக்கொண்டு மகள் வெகுநேரம் தேடி, ஓரிடத்தில் கூட்டல் குறி இருக்கிறது என்று கத்தினாள். எனக்கு அது கீறலா எழுத்தா என்று தெரியவில்லை. அவளுக்குத் துளியும் ஐயமில்லை. மகன் கற்படுக்கைகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினான், முதலில் பதினாறு, பிறகு பதினெட்டு வந்தது. அறிவர் கோயிலில் 'ம்ம்' என்று முனகியவனை வெளியே அழைத்துவருவது பெரும்பாடாகிவிட்டது.

இனி வரும் வாரத்தில் அருங்காட்சியகம், அதற்கடுத்து கொடும்பாளூர் என்று தீர்மானித்திருக்கிறோம். மூன்று கோயில்களில் இரண்டுதான் இருக்கின்றன என்று சொன்னதிலிருந்து, காணாமல் போனது யாருடைய கோயில் என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி 5 — சுண்ணாம்புக்கட்டி

நடுவில் உள்ளதும் தெற்கில் உள்ளதும் நிற்கின்றன. வடக்கில் உள்ளதற்கு அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நடுக்கோயில் அரசனுடையது என்று வைத்துக்கொண்டால், இழந்தது இரு தேவியருள் ஒருவருடைய கோயில். அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நேரில் போய் நிற்கும்போது, தரையில் எஞ்சியுள்ள அடித்தளத்தை அவனே தேடிக் கண்டுபிடித்து, அதன் நீள அகலத்தைக் காலடியால் அளந்து, நிற்கும் இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கல்தளம் அப்போதுதான் தாங்கும்.